சோ மோரிரி ஏரிக்கரையில் இரவு தங்குவது: நம் குமரி மாவட்டத்திலிருந்து செல்வோருக்கு ஆலோசனை தேவை

தோவாளை வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மனைவி ஆசிரியை என்பதால், செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறையில்தான் எங்களால் நீண்ட பயணம் போக முடியும். இந்த முறை நாங்கள் இருவரும், கல்லூரியில் படிக்கும் மகனும், 66 வயதான அப்பாவும் லடாக்கிலுள்ள சோ மோரிரி ஏரிக்குப் போகலாம் என்று இருக்கிறோம். பாங்காங் ஏரியைப் படங்களில் பார்த்தால், சபரிமலை சீசனில் கன்னியாகுமரி கடற்கரைச் சாலை இருப்பதுபோல் இருக்கிறது. அதனால் அதை விட்டுவிட்டோம்.

திட்டம் இதுதான். திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி வழியாக லே வரை விமானம், லேயில் ஒரு நாள் ஓய்வு, மறுநாள் காலை வாடகை வண்டியில் கிளம்பி மாலைக்குள் ஏரியின் மேற்குக் கரையிலுள்ள கோர்சோக் கிராமம், அங்கே சொந்தக் கூடாரத்தில் இரண்டு இரவுகள். கூடாரம் பேச்சிப்பாறைப் பக்கத்து ஐப்பசி மழையையே தாங்கியது. பெரிய வசதிகள் எதையும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கழிப்பறை, குடிநீர், மின்சாரம், சமையல் ஆகியவற்றுக்கு அங்கே என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதை, போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மார்த்தாண்டம் முன்னாள் படைவீரர் எழுதியது:

தம்பி, கழிப்பறையையும் மின்சாரத்தையும் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் உயரக் கணக்கைப் பார்க்க வேண்டும். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடிச் சிகரம் 2,695 மீட்டர்தான் என்பதால், நம் பக்கத்து மலைகளில் எவ்வளவு ஏறிப் பழகினாலும் அது லேயில் விமானத்தை விட்டு இறங்குகிற முதல் நிமிடத்துக்குக்கூடப் போதாது. சோ மோரிரி அதற்கும் மேலே, 4,500 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் கிடக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் 60 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவு ஆக்சிஜன்தான் உள்ளே போகும்.

கிழக்கு லடாக்கில் நான் பணியாற்றிய காலத்தில், நீண்ட விடுப்பு முடிந்து திரும்பும் வீரனைக்கூட நேராக மேலே அனுப்ப மாட்டார்கள். 2,700 முதல் 3,600 மீட்டர் வரையுள்ள முதல் கட்டத்தில் 6 நாள், 3,600 முதல் 4,500 மீட்டர் வரையுள்ள இரண்டாம் கட்டத்தில் 4 நாள், அதற்கு மேல் போக வேண்டுமானால் இன்னும் 4 நாள் என்பது இராணுவத்தின் வழக்கம். முதல் கட்டத்தின் முதல் இரண்டு நாளும் முழு ஓய்வு. மூன்றாம் நாள்தான் சமதளத்தில் மெதுவாக நடக்க விடுவார்கள். 25 வயதில், ஓட்டத்தில் முதலாவதாக வருகிற பையன்களுக்கே இந்தக் கணக்கு என்றால், உங்கள் அப்பாவை மூன்றாம் நாள் மாலை கோர்சோக்கில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பது எப்படிச் சரியாகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தோவாளை வாசி எழுதியது:

ஐயா, விரிவாக எழுதியதற்கு நன்றி. ஆனால் பதினான்கு நாள் பழகிவிட்டு ஏரியைப் பார்ப்பது எங்களைப் போன்றவர்களுக்கு நடக்காத காரியம். எல்லையில் பாரம் சுமக்கப் போகிறவருக்கு உள்ள விதியை, வண்டியில் போய் உட்கார்ந்து வரும் சுற்றுலாப் பயணிக்கும் அப்படியே வைக்க வேண்டுமா? லேயில் இரண்டு இரவு தங்கிவிட்டு பாங்காங் போய்த் திரும்பும் குடும்பங்கள் ஏராளமாக இருக்கின்றனவே? அதோடு, அப்பா தினமும் விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய்ப் பூக் கூடையைத் தலையில் சுமந்து வருகிறவர். என்னைவிட அவருக்கு மூச்சு அதிகம்.

பார்வதிபுரம் செவிலி எழுதியது:

அண்ணா, இராணுவக் கணக்கு அப்படியே வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். மலையேற்ற மருத்துவத்தில் பொதுமக்களுக்குச் சொல்லப்படும் அளவு இதைவிடத் தளர்வானது: 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, படுத்து உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஒரு இரவு இருக்க வேண்டும். பகலில் உயரமான கணவாயைத் தாண்டுவதைவிட, இரவில் எந்த உயரத்தில் உறங்குகிறோம் என்பதே பெரிது. லேயிலிருந்து கோர்சோக்கிற்கு ஒரே நாளில் போனால் உறங்கும் உயரம் 1,000 மீட்டர் கூடுகிறது. பாங்காங் ஏறத்தாழ 4,225 மீட்டர் என்பதால் அங்கே போகிறவர்களுக்கு இந்தத் தாவல் சற்றுக் குறைவு. ஆகவே அவர்களை வைத்து உங்கள் பயணத்தை அளக்க முடியாது.

அப்பாவின் உடல் வலிமை நல்லதுதான், ஆனால் உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயை அது தடுப்பதில்லை. வயதும் அவருக்கு எதிரானதல்ல. உண்மையில் இப்படிப்பட்ட பயணங்களில் முதலில் சுருண்டு விழுவது, ஜிம்முக்குப் போகிறேன் என்று முதல் நாளே படிகளில் ஓடி ஏறும் இளைஞர்கள்தான். உங்கள் மகனையும் கவனியுங்கள். அப்பாவுக்கு இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டி, ஈசிஜி எடுத்து, உண்டு வரும் மாத்திரைகளை அங்கே எப்படித் தொடர்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உயர நோயைத் தடுக்கப் போடும் அசிட்டசோலமைடு என்ற மாத்திரையைப் பற்றி நிச்சயம் யாராவது சொல்வார்கள். பெரியவர்களுக்கு வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் இருப்பதால், கடையில் நேராகப் போய் வாங்கிப் போடாமல் மருத்துவரைக் கேட்டே போட வேண்டும். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். இவை பக்கவிளைவுகள்தான், பயப்பட வேண்டாம். அந்த மாத்திரை உடல் பழகுவதை விரைவாக்குமே தவிர, மெதுவாக ஏறுவதற்கு அது மாற்று ஆகாது.

ஏரிக்கரையில் இரவில் யாருக்காவது தலைவலியோடு வாந்தியும் வந்தால், அதற்கு மேல் ஏறக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்து இருமல் வந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். பேச்சு குழறினால், அல்லது குதிகாலை முன்கால் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது தடுமாறினால், மூளையில் வீக்கம். இந்த இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது; உடனே கீழே இறக்க வேண்டும். கோர்சோக்கிலிருந்து லே மாவட்ட மருத்துவமனை 200 கிலோமீட்டருக்கு மேல். இராத்திரியில் வண்டியும் ஓட்டுநரும் பக்கத்தில் இருக்கிறார்களா என்பதைக் கூடாரத்தை விட முக்கியமாகப் பாருங்கள்.

மார்த்தாண்டம் முன்னாள் படைவீரர் எழுதியது:

செவிலியார் சொன்ன 500 மீட்டர் கணக்குக்கே வருகிறேன். அதற்கு ஏற்ற வழி நம் ஊரிலிருந்தே இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒருமுறை கிளம்பும் ஹிம்சாகர் விரைவு ரயில் கட்ரா வரை போகிறது. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் ரயில் ஓடுகிறது. ஸ்ரீநகர் ஏறத்தாழ 1,600 மீட்டர், அடுத்த இரவு கார்கில் ஏறத்தாழ 2,700 மீட்டர், அதற்கடுத்த இரவு லே 3,500 மீட்டர். இடையில் வரும் சோஜி லாவும் ஃபோட்டு லாவும் பகலில் தாண்டும் கணவாய்கள்தான். ரயிலில் மூன்று நாள் போய்விடும் என்பதால் விடுப்பு இல்லாதவர்கள் ஸ்ரீநகர் வரை விமானத்தில் போய், அங்கிருந்து சாலையைப் பிடிக்கலாம். லேயில் மூன்று இரவு இருந்துவிட்டு, சிந்து நதியை ஒட்டிய சாலையில் உப்ஷி வழியாகச் சுமாதாங் வரை போய், வெந்நீர் ஊற்றுகள் உள்ள அந்த ஊரில் ஓர் இரவு தங்குங்கள். அது 4,000 மீட்டரை ஒட்டிய இடம். மறுநாள் மாஹே பாலத்தைக் கடந்தால் மதியத்துக்குள் கோர்சோக்.

மணாலி வழியை மட்டும் போகும்போது எடுக்காதீர்கள். முதல் இரவே சர்ச்சுவில், 4,200 மீட்டருக்கும் மேலே, முன்னும் பின்னும் உயரமான கணவாய்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ள நேரும். தலைவலி வந்தால் இறங்குவதற்கும் முதலில் ஏற வேண்டும். திரும்பி வரும்போது அந்த வழியில் வருவதில் தவறில்லை.

குளச்சல் பயணி எழுதியது:

உயரத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. கூடாரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பேச்சிப்பாறை மழையில் ஒழுகவில்லை என்பது அங்கே பயன்படாத தேர்ச்சி. லேயில் ஆண்டு முழுவதும் சேர்த்தே ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான் மழை பெய்யும். நம் ஊரில் ஒரு நல்ல ஐப்பசி இரவில் அதைப் பார்த்திருக்கிறோம். அந்த மேட்டுநிலப் பாலைவனத்தில் கூடாரத்துக்கு எதிரி காற்று. காலையில் ஏரி அசையாமல் கிடக்கும். மதியத்துக்கு மேல் வெயிலில் சூடான சரிவுகளிலிருந்து காற்று எழும்பி, சாயங்காலம் வரை ஓயாமல் அடிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைகளுக்குப் பக்கத்தில் ஆடி மாதத்தில் ஒரு மதியம் கூடாரத்தை நிறுத்திப் பாருங்கள், நின்றால் கொண்டுபோகலாம். தரை சரளையாக இருப்பதால் முளை இறங்காது. இறங்கினாலும் பிடிக்காது. கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றி, அதன்மேல் இன்னொரு கல்லை வைத்துத்தான் நான் கட்டினேன்.

செப்டம்பர் கடைசியில் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போவது அங்கே சாதாரணம். உறங்கு பையில் இரண்டு வெப்பநிலைகள் அச்சிட்டிருக்கும். சுகமாக உறங்கக்கூடிய அளவு ஒன்று, அதற்கும் கீழே தாக்குப்பிடிக்கும் எல்லை இன்னொன்று. கடைக்காரர் இரண்டாவதைச் சொல்லித்தான் விற்பார். நீங்கள் முதலாவதைப் பார்த்து வாங்குங்கள். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் முதுகில் ஏறும் என்பதால், பைக்கு அடியில் தடித்த நுரைப் பாய் இல்லாமல் எந்த விலை உயர்ந்த பையும் பயன் தராது.

சமையலுக்குச் சிறிய கேஸ் குப்பி அடுப்பை நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி: விமானத்தில் அந்தக் குப்பியைக் கொண்டுபோக விடமாட்டார்கள். லேயில் வாங்கும்போது வெறும் பியூட்டேன் நிரப்பியதை வாங்கினால், அது பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி ஆவியாவதையே நிறுத்திவிடும். குலுக்கினால் உள்ளே திரவம் ஆடும், அடுப்பில் நீல நுனிகூட வராது. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த குப்பியைக் கேட்டு வாங்கி, இரவில் உறங்கு பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

என்னைக் கேட்டால் சொந்தக் கூடாரம்தான் நல்லது. நிலையான கூடார விடுதிகளில் கட்டில், மெத்தை, குழாய்த் தண்ணீர் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டு, மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டுகிறார்கள். அந்த இரைச்சலைக் கேட்கவா அவ்வளவு தூரம் போகிறோம்? நான் தங்கிய ஒரு விடுதியில் கழிவறைக் குழாய் எங்கே போகிறது என்று கேட்டதற்கு, பின்பக்கத்துச் சரிவைக் கையால் காட்டினார்கள்.

தேரூர் பறவை நோக்கர் எழுதியது:

குளச்சல் நண்பர் விடுதிகளைப் பற்றிச் சொன்னது உண்மை. அதற்காகச் சொந்தக் கூடாரம் குற்றமற்றது ஆகிவிடாது. சோ மோரிரி 2002 முதல் ராம்சர் ஈரநிலம், அதாவது ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள இடம். சாங்தாங் குளிர்பாலைவன வனவிலங்குச் சரணாலயமும் அந்தப் பகுதியை உள்ளடக்கியது. விரும்பிய கரையில் விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்க அங்கே இடமில்லை. கோர்சோக் பக்கத்தில் அனுமதிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே தங்க வேண்டும். ஏரியில் இறங்கிக் குளிப்பதும், கரையோரப் புல்வெளியில் வண்டியை ஓட்டுவதும் கூடாது.

இது நமக்குத் தொலைதூர விவகாரமும் அல்ல. மார்கழி, தை மாதங்களில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் வரித்தலை வாத்துகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். வெள்ளைத் தலையின் பின்பக்கம் குறுக்கே இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். விடிகாலையில் வயலில் மேய்ந்துவிட்டுக் குளத்துக்குத் திரும்பும். இந்தியாவில் அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று சோ மோரிரி. வெறும் தரையில் கூடு வைக்கும் பறவை என்பதால் நாய்கள்தாம் அதற்குப் பெரிய ஆபத்து. கருங்கழுத்துக் கொக்கின் குஞ்சுகளுக்கும் அதே நிலைதான். மிச்சச் சோறும் பிஸ்கட் உறையும் எங்கே விழுகின்றனவோ அங்கே நாய் பெருகும். சீசன் முடிந்து கூடாரங்கள் போன பிறகும் அந்த நாய்கள் அங்கேயே இருக்கும்.

நீங்கள் போகும் செப்டம்பர் கடைசியில் கூடு கட்டும் காலம் முடிந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது கூட்டங்கூட்டமாக மேய்ந்து, தெற்கே பறப்பதற்கு உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும். படம் எடுக்க நெருங்கிப் போய்க் கலைக்காமல் இருந்தால் போதும். தங்குவதற்கு என் ஆலோசனை கோர்சோக் ஊருக்குள் இருக்கும் வீடுகள். பணம் ஊர்க்காரர் கையில் நிற்கும், உங்கள் அப்பாவும் மண்சுவருக்குள் உறங்குவார்.

குளச்சல் பயணி எழுதியது:

அனுமதித்த இடத்தில்தான் அடிக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குப்பையைப் பையில் கட்டித் திரும்ப லேக்கே கொண்டுவருகிற ஒருவர் அங்கே தன் கூடாரத்தில் உறங்குவதை, ஐம்பது கட்டில் போட்ட விடுதியோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமாகத் தெரியவில்லை.

தேரூர் பறவை நோக்கர் எழுதியது:

கொண்டுவருகிற ஒருவருக்கு அது பொருந்தும். கொண்டுவராதவர்கள் விட்டுப்போனதையும் நான் அங்கே பார்த்தேன். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை என்று நினைக்கிறேன்.

கோட்டாறு அக்கா எழுதியது:

தோவாளைத் தம்பி கேட்ட கழிப்பறைக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பெண்களுக்கு அதுதான் முதல் கேள்வி. கோர்சோக் வீடுகளில் பழைய முறைக் கழிப்பறை உலர் கழிப்பறைதான். மேல்தளத்தில் மண் தரை, நடுவில் நீள்சதுரத் துளை, மூலையில் மண்ணும் சாம்பலும் கலந்த குவியல், அதில் செருகிய ஒரு மண்வெட்டி. வேலை முடிந்ததும் இரண்டு மண்வெட்டி மண்ணைத் துளைக்குள் தள்ள வேண்டும். கீழ் அறையில் சேர்வது மக்கி உரமாகிறது. அதற்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினால் மக்காமல் நாறிவிடும் என்பதால், நம் பழக்கத்துக்குச் சிறிய குவளைத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நாற்றம் இருக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போன எனக்கு, நம் பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறைகளைவிட அது எவ்வளவோ மேலாக இருந்தது. பல இடங்களில் இப்போது தண்ணீர் ஊற்றும் கழிப்பறையும் வந்துவிட்டது. ஆனால் இரவில் குழாய் உறைந்துவிட்டால் காலையில் வாளியில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். குளியலை நினைக்காதீர்கள். முகம் கழுவ ஒரு குவளை வெந்நீர் கிடைத்தால் அதுவே பெரிது.

சாப்பாட்டுக்கு நம் ஊர்ச் சிவப்புப் புழுங்கல் அரிசியைச் சுமந்துகொண்டு போகாதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 85 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, குக்கர் இல்லாமல் அரிசியும் பருப்பும் நடுவில் கல்லாகவே இருக்கும். குடிநீரைக் கொதிக்க வைப்பதில் மட்டும் பயம் வேண்டாம். மூன்று நிமிடம் கொதிக்க விட்டால் கிருமிகளைக் கொல்ல அந்தச் சூடு போதும். ஏரித் தண்ணீர் உவர்ப்பு என்பதால் ஊருக்குள் வரும் ஓடைத் தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும். சிவப்பு அவலும் துருவிய கருப்பட்டியும் கொண்டுபோங்கள். வெந்நீர் ஊற்றினால் காலை உணவு முடிந்தது. சுக்குக் காபிப் பொடி கட்டாயம் வேண்டும். ஏத்தங்காய்ச் சிப்ஸை மட்டும் காற்றடைத்த பாக்கெட்டில் வாங்காதீர்கள். மேலே போகப் போக அது தலையணைபோல உப்பிக்கொண்டே வந்து, எங்கள் வண்டியில் ஒன்று ஓட்டுநரின் காதருகே வெடித்து, அவர் சடக்கென்று பிரேக் போட்டுவிட்டார். டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

தோவாளை வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வீட்டில் பேசிப் பார்த்தோம். விடுப்பை இன்னும் சில நாள் நீட்டி, ஸ்ரீநகர் வரை விமானம், அங்கே ஓர் இரவு, கார்கிலில் ஓர் இரவு, லேயில் மூன்று இரவு, சுமாதாங்கில் ஓர் இரவு, பிறகு கோர்சோக்கில் இரண்டு இரவு என்று மாற்றியிருக்கிறோம். அப்பாவுக்கும் மனைவிக்கும் ஊருக்குள் ஒரு வீட்டில் அறை. எனக்கும் மகனுக்கும், அனுமதித்த இடத்தில் ஒரே ஓர் இரவு மட்டும் கூடாரம், அதுவும் முதல் இரவு எல்லோருக்கும் நலமாகக் கழிந்தால் மட்டும். தேரூர் ஐயா இதை ஏற்க மாட்டார் என்று தெரியும்; மகனுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. வாடகை வண்டிக்காரரிடம், இரண்டு இரவும் வண்டி கோர்சோக்கிலேயே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுகிறேன். பணத்துக்கும் தொலைபேசிக்கும் அங்கே என்ன வழி என்பது மட்டும் மீதி இருக்கிறது.

மார்த்தாண்டம் முன்னாள் படைவீரர் எழுதியது:

இது நடக்கக்கூடிய திட்டம். கோர்சோக்கில் ஏடிஎம் கிடையாது. ரொக்கத்தையும் டீசலையும் லேயிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் ஸ்ரீநகரிலேயே செத்துவிடும் என்பதால், கிளம்புவதற்கு முன் உங்கள் நால்வரில் இருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள். அதையும் ஏரிக்கரையில் நம்பியிருக்க வேண்டாம். சுமாதாங்கை விட்டுக் கிளம்பும்போதே ஊருக்குப் பேசிவிட்டு, இரண்டு நாள் அழைப்பு வராது என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். உள்பகுதிக்கான அனுமதி, சுற்றுச்சூழல் கட்டணம் ஆகியவற்றின் விதிகள் அவ்வப்போது மாறுவதால், லே மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, ரசீதை அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மாஹே சோதனைச் சாவடியில் கைபேசியில் காட்டலாம் என்று நினைத்தால், குளிரில் பேட்டரி இறங்கிப் போயிருக்கும்.